அவருக்கு வைத்த மணல்

எடைக் கூடத்தில் எல்லோருக்கும் அவள் மணலக்கா. வயதில் மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். மேற்பார்வையாளர் மட்டும், தன் பதவிக்கு இழுக்கு வந்துவிடக் கூடாதே என்று, 'எடைக்காரம்மா' என்பார். அவரும் அவசரம் என்றால் அக்காவுக்குத் தாவிவிடுவார். இது அந்த மணலக்காவின் கை ஒரே ஒரு முறை தப்பிய கதை. கட்டின புருஷனை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டிய நாளில், அவருக்கு மணல் வைக்கும்போது தப்பியது.

முதலில் அந்தக் கல்லைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பழைய சந்தைக்குப் பின்னால் உயரமான ஒரு கூடம், அதன் நடுவில் தரையோடு தரையாக ஒரு கருங்கல். ஒரு குடும்பம் பெட்டி படுக்கையோடு நெருக்கியடித்து நிற்கலாம், அவ்வளவு அகலம். அதன் ஜோடிக் கல் மலைகளுக்கும் கடலுக்கும் அப்பால் வேறொரு நகரத்தில் கிடந்தது. சாலை வழியே போனால் ஒரு மழைக்காலமே கழிந்துவிடும். ஆனால் இரண்டு கற்களின் மேலும் ஒரே எடை ஏறிவிட்டால், கண்ணை மூடித் திறப்பதற்குள் இங்கே இருப்பது அங்கே போய்விடும், அங்கே இருப்பது இங்கே வந்துவிடும். யார் செய்த கல், என்ன மந்திரம் என்று யாருக்கும் தெரியாது. யாரும் கேட்டதும் இல்லை. போய்ச் சேர்ந்தால் சரி என்று ஜனங்கள் ஏறி நின்றார்கள்.

சிக்கல் அந்த 'ஒரே எடை'யில்தான் இருந்தது. இங்கிருந்து தொப்பை சரிய ஒரு துணி வியாபாரி கிளம்புவார். அங்கிருந்து ஊதினால் பறந்துவிடுகிற மாதிரி ஒரு மாணவி வருவாள். குறைகிற பக்கத்தில் மணலை வைத்துத்தான் ஈடுகட்ட வேண்டும். பெரிய பை, சின்னப் பை, கடைசியில் வெறுங்கையால் ஒரு பிடி. எதிர்ப்பக்கம் கனமாக இருந்தால் கல்லின் விளிம்பு உள்ளங்கையைச் சுடும். இந்தப் பக்கம் கனமாகிவிட்டால் சில்லென்று கிடக்கும். சுட்டால் போட வேண்டும், சில்லிட்டால் எடுக்க வேண்டும், வேலை அவ்வளவுதான். மற்றவர்கள் கையை வைப்பதும் எடுப்பதுமாகப் பயணிகளின் கால் மரத்துப்போகும்வரை தடுமாறுவார்கள். மணலக்கா ஆளை ஒரு பார்வை பார்ப்பாள், பையைத் தூக்கிப் போடுவாள், ஒரு பிடி அள்ளி வைப்பாள். ஆள் போய்விட்டிருப்பார்.

இரண்டு பக்கத்து எடைக்காரர்களும் கல்லைத் தட்டித்தான் பேசிக்கொள்வார்கள். ஒரு தட்டு என்றால் தயார். இரண்டு என்றால் பொறு. மூன்று தட்டினால், அங்கே ஏதோ சரியில்லை, மறுபடி பார் என்று அர்த்தம். கல்லின் மேல் கிடப்பது உயிரில்லாத உடம்பு என்றால் தட்ட மாட்டார்கள், உள்ளங்கையால் ஒரு முறை நீளத் தடவுவார்கள். இந்தப் பக்கத்தில் அது வாசல் பெருக்குகிற சத்தம்போலக் கேட்கும். பொழுது சாய்ந்தால் கல் உறங்கிவிடும். அதன் பிறகு தலைகீழாக நின்றாலும் அசையாது.

கல்லின் மேல் நிற்கிறவர்களின் கூத்தைப் பற்றி அக்காவிடம் கேட்டால் பொழுது போவதே தெரியாது. மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டால் எடை குறையும் என்று நம்புகிற அதிகாரிகள் இருந்தார்கள். பொண்டாட்டி முன்னால் தன் எடை தெரிந்துவிடக் கூடாது என்று, "நீ கொஞ்சம் வெளியே நில்லேன்" என்கிற ஆண்கள் இருந்தார்கள். ஒரு பெரிய மனிதர், எல்லாம் சரியாக வந்து கிளம்பப்போகிற நேரத்தில், தரையைப் பார்த்துப் புளிச்சென்று துப்பினார். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று.

"உங்க எச்சிலுக்கும் எடை இருக்குய்யா," என்றாள் அக்கா. "வேணும்னா அதையும் எடுத்துட்டுப் போங்க."

கல் மேல் அவளுக்கு இருந்த நம்பிக்கை கொஞ்சநஞ்சமல்ல. யாராவது, "இல்லக்கா, நான் அவ்வளவு கனம் இல்லையே" என்று முனகினால், "கல்லு சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்பாள். சந்தையில் காய் வாங்கும்போதுகூட, தராசைப் பார்த்து உதட்டைச் சுழிப்பாள். மனிதர்கள் வாயால் சொல்வதை அவள் பாதிதான் நம்புவாள், கண்ணால் பார்ப்பதை முக்கால்வாசி. கல்லை மட்டும் முழுசாக நம்பினாள்.

அவள் புருஷன் எதிர்க்கல்லின் எடைக்காரர். முகம் பார்ப்பதற்கு முன்பே இருவருக்கும் பழக்கம். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தப் பக்கத்திலிருந்து வந்த தட்டுகளெல்லாம் முரட்டுத் தட்டுகளாக இருந்தன. பிறகு ஒரு நாள் ஆள் மாறியது. நிதானமான, மென்மையான தட்டு. பொழுது சாய்கிற நேரத்தில், வேலை முடிந்தது என்று சொல்ல, இரண்டு விரலால் சின்னதாகத் தட்டிவிட்டு, கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி ஒரு தட்டு. அந்தக் கடைசித் தட்டு எந்தச் சட்டத்திலும் இல்லாதது. போய்ட்டு வரேன் என்பதுபோல இருக்கும். அவளும் திருப்பித் தட்டப் பழகினாள்.

ஒரு விடுமுறை நாளில் அந்த ஆசாமி தானே கல்லில் ஏறி வந்து நின்றார். ஒல்லியும் இல்லை, பருமனும் இல்லை. அடர்ந்த மீசை.

"எனக்கு மணல் வச்சது நீங்கதானா?" என்று கேட்டார்.

"ஆமா. ஏன், அங்கங்க இடிச்சிடுச்சா?"

"இல்ல. ஒரே தடவையில வச்சுட்டீங்க. எங்கம்மாவுக்குக்கூட நான் எவ்வளவுன்னு தெரியாது."

இதைப் பெண் கேட்கிற பேச்சாக அவர் நினைத்தாரா என்பது வேறு விஷயம். அவள் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். அடுத்த அறுவடைக்குள் கல்யாணம் முடிந்தது.

ஆனால் இருவரையும் ஒரே ஊரில் வைக்க நிர்வாகம் ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு கையும் ஒன்றுக்கொன்று இப்படிப் பழகிய ஜோடி வேறு கிடைக்காது, பிரித்தால் பயணிகளுக்குத்தான் கஷ்டம் என்று சொல்லிவிட்டார்கள். கல்யாணம் செய்துவைத்த கல்லே பிரித்தும் வைத்தது. ஓய்வு நாள்களில் அவர் வருவார், அந்தப் பக்கம் மாற்று எடைக்காரர் உட்காருவார். சில சமயம் இவள் போவாள். ஒரு தடவை, அவருக்குத் தெரியாமல் போய் அசத்த வேண்டும் என்று இவள் இங்கே ஏறி நின்றாள். அவரும் அதே நினைப்பில் அங்கே ஏறி நின்றிருக்கிறார். இரண்டு பக்கத்து மாற்று ஆட்களும் பொறுப்பாக எடை பார்த்து அனுப்பிவிட்டார்கள். அவர் இங்கே, இவள் அங்கே. பூட்டிய வீட்டின் முன்னால் ஆளுக்கு ஒரு ஊரில் உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தே அவர்கள் மகள் வளர்ந்தாள்.

ஒரு விஷயத்தில் அக்காவுக்குத் தலைக்கனம் உண்டு. புருஷன் வரும்போது அவள் கல்லில் கை வைத்துப் பார்க்க மாட்டாள். மூன்று பெரிய பை, ஒரு சின்னப் பை, அதற்கு மேல் ஒரு பிடி. வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்தால் எதிரே அவர் நிற்பார். கூடத்தில் இருப்பவர்கள் இதற்காகவே எட்டிப் பார்ப்பார்கள். கல்யாணமான புதிதிலிருந்து பேத்தி பிறந்தவரை, அவருக்கு வைக்கும் மணல் மாறவே இல்லை. பெண்கள் ஏதாவது கேலி செய்தால், "அவர் கனம் எனக்குத் தெரியாதாடி?" என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்வாள்.

மகளுக்கு முதல் பிள்ளை வயிற்றிலேயே தங்காமல் போனது. இரண்டாவது தரித்தபோது, எழுந்து நடமாடக் கூடாது, மனசு கலங்குகிற எதுவும் காதில் விழக் கூடாது என்று மருத்துவச்சி கறாராகச் சொல்லிவிட்டாள். மருமகன் கப்பல் வேலைக்காரர், எப்போது கரை தட்டுவார் என்று அவருக்கே தெரியாது. ஆக மகள் தாய்வீட்டுக் கட்டிலில் கிடந்தாள். அக்கா கூடத்துக்கும் வீட்டுக்குமாக ஓடினாள். வாசலில் யாராவது குரலை உயர்த்தினால்கூட ஓடிப்போய் வாயைப் பொத்தச் சொல்வாள்.

அந்த மாதங்களில்தான் அவர் வந்தபோதெல்லாம் ஏதோ மாற்றம் தெரிந்தது. கன்னம் ஒட்டியிருந்தது. வெயில் காலத்திலும் கனத்த மேல்சட்டை போட்டிருந்தார். ராத்திரி அதைக் கழற்றுவதற்கு விளக்கை அணைத்தார்.

"என்னங்க, முகம் இப்படிச் சுண்டிப்போச்சு?"

"மீசையை எடுத்துட்டேன்ல, அதான்."

"உடம்புக்கு ஏதாவதா? மறைக்காதீங்க."

"மறைக்கிறேனா? இப்பத்தானே என்னை எடை போட்டே. எவ்வளவு வச்சே?"

"மூணு பெருசு, ஒரு சிறுசு, ஒரு பிடி."

"குறைஞ்சுதா?"

குறையவில்லை. வைத்ததும் மணல் போயிருந்தது, அவர் வந்திருந்தார். கல்லு சொன்னா சரியாத்தான் இருக்கும். அவள் அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட்டாள். வெளியூர்ச் சாப்பாடு, தனியாக இருக்கிற மனுஷன், வயசும் ஆகிறது என்று தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டாள். பின்னாளில் இதைக் கேட்டவர்கள், பொண்டாட்டிக்கு இதுகூடவா தெரியாமல் போகும் என்று உச்சுக்கொட்டினார்கள். சொல்வது சுலபம். வாழ்நாள் முழுக்கக் கை கொடுத்த ஒன்றை, ஒரு ஒட்டிய கன்னத்துக்காக யார்தான் சந்தேகப்படுவார்கள்?

பேத்தி நல்லபடியாகப் பிறந்தாள். செய்தி போன மறுநாளே தாத்தா வந்து நின்றார். அதே மூன்று பை, ஒரு சிறுசு, ஒரு பிடி. பிள்ளையைக் கையில் வாங்கி, கண்ணை மூடி, தொழில் செய்கிற முகத்தோடு நிதானித்தார்.

"சின்னப் பைக்கு ரெண்டு பிடி குறைச்சல்," என்றார்.

"ஒரு பிடிதான் குறைச்சல்," என்றாள் அக்கா. "உங்களுக்குக் கை விட்டுப்போச்சு."

"பச்சப்புள்ளய வச்சுப் பந்தயமா? ரெண்டு பேரும் மூட்டை தூக்கியே கெட்டுப்போயிட்டீங்க," என்று மகள் கட்டிலில் கிடந்தபடி சிரித்தாள். சிரித்துக்கொண்டே அப்பாவின் கையைப் பார்த்தாள். அவ்வளவு சின்னப் பிள்ளையின் கனத்துக்கு அந்தக் கை நடுங்கியது. அவர் சட்டென்று உட்கார்ந்துவிட்டார். மகள் பிள்ளையைத் திருப்பி வாங்கிக்கொண்டாள்.

அவர் திரும்பிப் போனார். சில நாள்கள் பொழுது சாயும்போது அந்தக் கடைசித் தட்டு வந்தது. பிறகு ஒரு சாயங்காலம் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அதற்கு அடுத்த நாள் நண்பகலுக்குப் பிறகு, அந்தப் பக்கத்திலிருந்து வழக்கமாக வந்துபோகிற துணி வியாபாரி கல்லைவிட்டு இறங்கினார். எப்போதும் எடையைப் பற்றிக் கிண்டலடிப்பவர், அன்றைக்குத் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, நான்தான் சொல்லணும்னு அனுப்பிட்டாங்க," என்றார். "உங்க வீட்டுக்காரர் காலையில தவறிட்டாரு. கூட மாற்று ஆள் இருந்திருக்காரு. குளிப்பாட்டித் துணி சுத்தி வச்சிருக்காங்க. நீங்க தயார்னு தட்டினா ஏத்திடுவாங்களாம்."

அவள் வாசலைப் பார்த்தாள். வெயில் ஏற்கெனவே சந்தைக் கூரையின் மேல் சாய்ந்திருந்தது. மறுநாளும் அதற்கு மறுநாளும் கல்லுக்கு ஓய்வு. பொழுது சாய்வதற்குள் அவர் வராவிட்டால் அங்கேயே, அவர்கள் யாருடைய முகமும் பார்க்காமல், வேற்று ஊர் மண்ணில் வைத்துவிடுவார்கள்.

"நீங்க உட்காருங்கம்மா," என்றார் மேற்பார்வையாளர். "வேற ஆள் வைக்கட்டும்."

"அவருக்கு நான்தான் வைப்பேன்."

"சொன்னா கேளுங்க அக்கா. இந்த நேரத்துல கை நிதானமா இருக்காது."

"என் கை எனக்குத் தெரியும். வீட்டுல போய் மகளுக்குச் சொல்லி அனுப்புங்க. பக்குவமாச் சொல்லச் சொல்லுங்க," என்றவள், தயார் என்று ஒரு முறை தட்டினாள்.

மூன்று பெரிய பைகளை அவளே தூக்கி வைத்தாள். சின்னப் பையை வைத்தாள். கொஞ்சம் யோசித்தாள். அந்தக் கனத்த மேல்சட்டையும் செருப்பும் இப்போது இருக்காது, சுற்றிய துணி மட்டும்தான். அந்த நேரத்திலும் அந்தக் கணக்கு அவளுக்குத் தானாக ஓடியது. கடைசிப் பிடியை வைக்காமல் விட்டு, சின்னப் பையிலிருந்தும் கொஞ்சம் அள்ளி எடுத்தாள். பெருக்குகிற சத்தம்போல அந்தப் பக்கத்திலிருந்து நீளமாக ஒரு தடவல் வந்தது. அவர் கல்லில் கிடக்கிறார். அவள் கையைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்தாள்.

எதிரே மணல்தான் இருந்தது.

அவள் மறுபடி பைகளைப் பார்த்தாள். பிறகு, கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக, அவருக்காகக் கல்லின் விளிம்பில் உள்ளங்கையை வைத்தாள். சில்லென்று கிடந்தது. இந்தப் பக்கம் கனம்.

மூன்று முறை தட்டினாள். சரியில்லை, மறுபடி பார். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து ஒற்றைத் தட்டு வந்தது. எல்லாம் சரி, தயார்.

"அவரை முழுசா வைக்கலை," என்றாள் அக்கா. "கால் வெளியில நீட்டிக்கிட்டு இருக்கும். உயரமான மனுஷன். குறுக்க படுக்க வச்சிருப்பானுங்க, அறிவில்லாதவனுங்க." மறுபடி மூன்று தட்டினாள். மறுபடி ஒற்றைத் தட்டே வந்தது. மூன்றாவது முறை கை சிவக்க ஓங்கித் தட்டினாள். அந்தப் பக்கத்திலிருந்து பதிலாகத் தட்டு வரவில்லை. மெல்ல, மிக மெல்ல, ஒரு தடவல்தான் வந்தது.

"கொஞ்சம் எடுத்துப் பாருங்களேன் அக்கா," என்றார் மேற்பார்வையாளர். வெயில் சந்தைக் கூரையைவிட்டு இறங்கி வாசல் படிக்கு வந்திருந்தது.

"எதை எடுக்கச் சொல்றீங்க? இது அவர். இதுதான் அவர். நேத்து முந்தாநாளா வைக்கிறேன்?" ஒரு கையால் பையை அணைத்துப் பிடித்துக்கொண்டாள். அதைப் பிடுங்க வந்தவர்களைப் பார்ப்பதுபோல எல்லோரையும் பார்த்தாள். வேறு எடைக்காரர் ஒருவர் முன்னால் வந்தார். அவள் பார்த்த பார்வையில் பின்வாங்கிவிட்டார்.

அப்போதுதான் மகள் வந்தாள். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, பிள்ளை பெற்ற உடம்போடு, தெருவில் நடந்தே வந்திருந்தாள். வந்தவள் அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"எடுத்துடும்மா."

"நீ எதுக்கு எழுந்து வந்தே? நீ போ."

"அம்மா, அப்பா இளைச்சுப் போயிட்டாரும்மா. நான் பார்த்தேன். பாப்பாவைத் தூக்கினப்ப அவர் கை எப்படி நடுங்குச்சு தெரியுமா? சட்டைக்குள்ள ஆளே இல்ல."

"கல்லு சொல்லலையே," என்றாள் அக்கா. அவள் குரல் உடைந்தது அப்போதுதான். "கல்லு எங்கிட்டச் சொல்லலையேடி."

"இப்பச் சொல்லுதும்மா. எடு. இருட்டுறதுக்குள்ள அப்பாவைக் கூட்டிட்டு வா."

அக்கா ஒரு பிடி எடுத்தாள். பக்கத்தில் கிடந்த வெற்றுப் பையில் போட்டாள். கல் சில்லென்றே இருந்தது. இன்னொரு பிடி. இன்னொன்று. ஒவ்வொரு பிடிக்கும் கையை விளிம்பில் வைத்துப் பார்த்தாள், வேலைக்குச் சேர்ந்த முதல் நாளில் பார்த்ததுபோல. அள்ளியெடுத்துச் சின்னப் பை காலியாயிற்று. அவள் மகளைத் திரும்பிப் பார்த்தாள். பெரிய பை ஒன்றின் கட்டை அவிழ்த்து மறுபடி கையை விட்டாள். பேத்தியின் கனத்தைத் தாண்டிவிட்டிருந்தது எடுத்த மணல். இன்னும் சில்லிட்டுக் கிடந்தது. எடுத்ததை மணல் தொட்டியில் கொட்டிவிடலாம் என்று யாரோ பையை நகர்த்தினார்கள்.

"தொடாதே," என்றாள். ஏன் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது.

வெயில் வாசற்படியிலிருந்தும் விலகி, கதவின் மேல்நுனியில் ஒரு கோடாக நின்ற நேரத்தில், விளிம்பு சில்லிடாமலும் சுடாமலும் உடம்புச் சூட்டில் இருந்தது. அவள் கையை எடுக்கவில்லை. அந்தக் கையருகிலேயே அவர் வந்து சேர்ந்தார். வெள்ளைத் துணியில் சுற்றி, நேராக, நடுவில்தான் கிடத்தியிருந்தார்கள். கால் எங்கேயும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கவில்லை. அவள் துணியோடு சேர்த்து அவரைத் தூக்கி மடியில் கிடத்திக்கொண்டாள். யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டிய அளவுக்கு அவர் கனக்கவில்லை.

அடக்கம் முடிந்து, ஓய்வு நாள்கள் கழிந்த பிறகு, அந்தப் பக்கத்து மாற்று எடைக்காரர் அவருடைய பெட்டியோடு வந்தார். நடுத்தர வயது ஆள். அக்காவின் முகத்தைப் பார்க்க முடியாமல் கூடத்தின் ஓரத்தில் நின்றார்.

"எனக்குத் தெரியும்மா," என்றார். "வயித்துல கட்டின்னு வைத்தியர் சொன்னப்ப நான்தான் கூடப் போனேன். உங்களுக்குச் சொல்லிடலாம்னு எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். காது கொடுத்தே கேட்கலை. அவ போட்டது போட்டபடி ஓடி வந்துடுவா, அங்க பொண்ணு படுத்த படுக்கையா இருக்கா, இது தெரிஞ்சா இந்தப் புள்ளையும் தங்காதுன்னாரு. புள்ள பிறந்ததும், கொஞ்சம் தலை நிக்கட்டும், நானே போய்ச் சொல்றேன்னாரு. எங்கிட்டச் சத்தியம் வாங்கிட்டாரு."

"அதெல்லாம் சரி," என்றாள் அக்கா. "கல்லு எப்படி ஏமாந்துச்சு? அதைச் சொல்லுங்க."

அவர் பெட்டியைத் திறந்து அந்தக் கனத்த மேல்சட்டையை எடுத்தார். அதற்கு அடியில் இருந்தது, துணியில் தைத்த அகலமான ஓர் இடுப்புப் பட்டை. அதில் வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள். சில அறைகளின் தையல் பழையது, நூல் அழுக்கேறியிருந்தது. சில புதியவை. எல்லாமே கோணல்மாணலான ஆண்பிள்ளைத் தையல். ஒவ்வொரு தடவை வருவதற்கு முன்னும் தன்னை அங்கே தனியாக எடைபோட்டுப் பார்த்து, குறைந்ததற்கு ஈடாக ஓர் அறையைச் சேர்த்துத் தைத்திருக்கிறார். அவள் ஓர் அறையைப் பல்லால் கடித்துப் பிரித்தாள். உள்ளங்கையில் கொட்டியது செம்மணல். அந்த ஊர் மணல் வெளுப்பு. இது இவளுடைய மணல், அவருக்கு ஈடாக இவள் இங்கிருந்து வைத்து அனுப்பிய மணல். வெள்ளை மணல் ஒரு துளி உதிர்ந்திருந்தாலும் வீட்டில் அவள் கண்டுபிடித்திருப்பாள். செம்மணல் அவள் புடவையிலும் பாயிலும் எப்போதும் இருப்பதுதானே என்று யோசித்திருக்கிறார்.

"பாவி மனுஷா," என்றாள்.

மாற்று எடைக்காரர் போன பிறகு, அவள் சுவரோரம் வைத்திருந்த அந்தப் பையை எடுத்து வந்தாள். அன்றைக்குப் பிடி பிடியாக எடுத்த மணல். சில்லறை எடைக்காகக் கூடத்தில் தொங்கிய தராசை இறக்கினாள். பட்டையின் அறைகளையெல்லாம் பிரித்து மணலை ஒரு தட்டில் கொட்டினாள். பையிலிருந்ததை மறு தட்டில் கொட்டினாள். முள் நடுவில் நிற்கவில்லை. பையின் பக்கம் கொஞ்சம் தாழ்ந்தது.

அவளுக்கு ஒரு கணம் கோபம்கூட வந்தது. இவ்வளவு காலம் வேலை பார்த்த மனுஷன், ஒரு எடை சரியாக வைக்கத் தெரியவில்லையே என்று. தாழ்ந்த தட்டிலிருந்து ஒரு பிடி எடுத்தாள். முள் நேராக நின்றது. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அவர் சரியாகத்தான் வைத்திருந்தார். கடைசியாகப் பேத்தியைப் பார்த்துவிட்டுப் போகிறவரைக்கும் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருந்தார். கையில் இருக்கிற இந்தப் பிடி, அங்கே திரும்பிப் போன பிறகு குறைந்தது. கடைசித் தட்டு வந்த சாயங்காலங்களில், அதுகூட வராத சாயங்காலங்களில், தைக்கவும் முடியாமல் தனியாகக் கிடந்து குறைந்தது.

தட்டுகளில் இருந்ததைத் தொட்டியில் கொட்டினாள். கையை மட்டும் விரிக்கவில்லை. வேலைநேரம் முடிந்து, பொழுது சாய்ந்து, எதிர்ப்பக்கத்திலிருந்து புது ஆள் 'வேலை முடிந்தது' என்று தட்டினார். இரண்டு விரல் தட்டு இல்லை, சட்டப்படியான தட்டு. அக்கா இடது கையால் திருப்பித் தட்டினாள். கொஞ்சம் இடைவெளி விட்டு, மறுபடி ஒரு தட்டு தட்டினாள். பிறகு வலது கையை மூடியபடியே வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.